ஐந்நூறு தாளும் இரண்டு கட்டமும்

"பாலில் மிதக்கும், நூலில் புரளும்" என்று ஒரு குறிப்பு. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 2 என்ற எண். கட்டம் இரண்டு, எழுத்து இரண்டு. பாலில் மிதப்பது ஆடையாக இருக்கலாம், அதுவும் இரண்டெழுத்துதான். நூல் என்றதும் தறியும் ஊசியும் நினைவுக்கு வருவதால் ஆடை இன்னும் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் ஆடை நூலால் ஆவது, நூலில் புரள்வதில்லை. புரள்வது எது என்று கேட்டுக்கொண்டால், இது தைக்கிற நூல் அல்ல, படிக்கிற நூல் என்பது பிடிபடும். விடை ஏடு. காய்ச்சிய பாலின்மேல் படிவதும் ஏடு, சுவடியின் ஒவ்வோர் ஓலையும் ஏடு. இந்தக் குறிப்பை இக்கட்டுரைக்காக நானே அமைத்தேன். கீழே வரும் மற்றக் குறிப்புகளும் அப்படித்தான்.

தாளைப் பற்றிய குறிப்புகளை மட்டும் தனியே எடுத்துப் பார்க்கக் காரணம் உண்டு. ஆங்கிலத்திலும் தமிழிலும் அளவில் சிறியவையும் பொருளில் பல கிளை விட்டவையுமான சொற்கள் தாள் தொழிலைச் சுற்றி நிறையக் கிடக்கின்றன. புதிர் அமைப்பவர் அவற்றை விடமாட்டார். அவிழ்ப்பவர் அகராதியை மட்டும் நம்பினால் பாதி வழியில் நின்றுவிடுவார். தாளை எண்ணுவது, மடிப்பது, தைப்பது, கஞ்சி போடுவது, கூழாக்குவது என்று அந்தத் தொழிலில் நடக்கும் வேலைகள் தெரிந்திருந்தால்தான் மறுபாதி திறக்கும். குறுக்கெழுத்தைச் சொல்லறிவுக்கான பயிற்சி என்று பள்ளிகளில் சொல்லித் தருகிறார்கள். அது தொழிலறிவைச் சேர்த்துவைக்கும் இடமும்கூட என்பதே நான் இங்கே சொல்ல வருவது.

குறுக்கெழுத்து நாளிதழில் பிறந்தது. லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன ஆர்தர் வின், 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வைர வடிவில் ஒரு கட்டம் வரைந்து வெளியிட்டார். 1924இல் சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகம் தன் முதல் நூலாகக் குறுக்கெழுத்துத் தொகுப்பையே கொண்டுவந்தது. ஒவ்வொரு படியோடும் ஒரு பென்சில் இணைத்து விற்றார்கள். லண்டன் 'டைம்ஸ்' 1930 பிப்ரவரி 1இல்தான் இதற்கு இடம் கொடுத்தது. ஆனால் புதிரின் குணத்தை மாற்றியது பிரிட்டன். 1926 முதல் 'அப்சர்வர்' இதழில் டார்க்கிமாடா என்ற புனைபெயரில் எழுதிய எட்வர்ட் போவிஸ் மாதர்ஸ், நேரான பொருள் சொல்லும் குறிப்பை விட்டுவிட்டுப் பூடகமான குறிப்புக்கு வழி திறந்தார். அவருக்குப் பின் அந்த இடத்துக்கு வந்த மக்நட், சிமினீஸ் என்ற பெயரில் எழுதியவர், 1966இல் வெளியிட்ட நூலில் இந்தக் கலைக்கு இலக்கணமே வகுத்தார்.

அந்த இலக்கணம் சுருக்கமானது. நல்ல குறிப்பில் இரண்டு பகுதிகள் இருக்க வேண்டும். ஒன்று விடையின் பொருளைச் சொல்ல வேண்டும். மற்றொன்று அதே விடையை எழுத்துகளால் கட்டிக் காட்ட வேண்டும். இவை தவிர வேறொன்றும் இருக்கக் கூடாது. பொருள் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோ நிற்கும். எந்த முனை என்பதை அவிழ்ப்பவர் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு வழியாகவும் ஒரே விடை வந்தால் அது சரியானது என்று பதில் பக்கத்தைப் பார்க்காமலே உறுதி செய்துகொள்ளலாம். இந்த இரட்டைச் சான்றுதான் பூடகக் குறிப்பின் உயிர். இதைப் பின்னால் ஓரிடத்தில் மீண்டும் எடுக்க வேண்டியிருக்கும்.

எழுத்துகளால் கட்டும் அந்த இரண்டாம் பகுதியில்தான் தாள் வந்து உட்காருகிறது. 'ரீம்' என்பது தாள்கட்டு. ஆங்கிலத்தில் அதன்முன் ஓரெழுத்தோ ஈரெழுத்தோ சேர்த்தால் க்ரீம், ட்ரீம், ஸ்ட்ரீம், ஸ்க்ரீம் என்று பாலாடையும் கனவும் ஓடையும் அலறலும் பிறக்கின்றன. தமிழ் எழுத்தில் எழுதினாலும் ரீம் உள்ளே தெரிகிறது. "புனிதரின் பக்கத்தில் தாள்கட்டு: ஓடை" என்று குறிப்பு வந்தால், புனிதர் என்பதன் இரண்டெழுத்துச் சுருக்கம் முன்னால், ரீம் பின்னால், விடை ஸ்ட்ரீம். 'க்வயர்' என்னும் சிறிய தாள்கட்டு அதைவிட வளமானது. 'பற்றி' என்ற பொருளில் வரும் 'ரி'யைச் சேர்த்தால் ரிக்வயர், 'உள்ளே' என்பதைச் சேர்த்தால் இன்க்வயர், ஓரெழுத்து சேர்த்தால் ஸ்க்வயர் என்னும் நாட்டுப்புறக் கனவான். தேவாலயப் பாடகர் குழுவுக்கான சொல்லும் ஒலியில் இதேதான். பழைய எழுத்துமுறையில் அதையும் தாள்கட்டைப் போலவே எழுதினார்கள். ஆகவே "பாடுவோர் ஒலியில் சில தாள்கள்" என்றும் கேட்கலாம்.

எத்தனை தாள்கள்? இங்கேதான் தொழில் உள்ளே வருகிறது. ரீம் என்ற சொல் கட்டு, பொதி என்று பொருள்படும் அரபுச் சொல்லான ரிஸ்மாவிலிருந்து ஸ்பெயின் வழியாக ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. தாள் செய்யும் கலையும் அதே வழியாகத்தான் போனது. க்வயர் லத்தீனிலிருந்து வந்தது. நாலு நாலாக என்பது அதன் வேர். நாலு தாளை ஒன்றாக வைத்து மடித்தால் எட்டு இலை கொண்ட ஒரு பகுதி கிடைக்கும், சுவடி தைப்பவருக்கு அது ஓர் அலகு. பிற்காலத்தில் க்வயர் 24 தாள் ஆயிற்று. இருபது க்வயர் ஒரு ரீம், அதாவது 480 தாள். கையால் தாள் செய்த காலத்தில் ரீமின் மேலும் கீழும் இருந்த இரண்டு க்வயர்களில் கிழிந்ததும் கறைபட்டதுமான தாள்களை வைத்துக் கட்டுவது வழக்கம். நடுவில் உள்ள நல்ல தாள்களுக்கு அவை கவசம். அச்சகங்களோ வீணாகும் தாளுக்கு ஈடாக 516 தாள் கொண்ட ரீமைக் கேட்டு வாங்கின. இன்று பொதுவாக 25 தாள் ஒரு க்வயர், 500 தாள் ஒரு ரீம் என்று சீராகிவிட்டது. ஆனால் பழைய குறுக்கெழுத்துத் தொகுப்பைக் கையில் எடுத்தவர் 480 என்ற எண்ணையும் 24 என்ற எண்ணையும் பார்த்ததும் தாளை நினைக்கப் பழகியிருக்க வேண்டும்.

தாளைக் கொண்டு செய்யும் வேலைகளில் ஆங்கிலப் புதிர்கள் அதிகம் நாடுவது மடிப்பை. ஜப்பானியத்தில் மடித்தலும் தாளும் சேர்ந்த 'ஒரிகாமி' அங்கே அடிக்கடி தலைகாட்டுகிறது; ஏழெழுத்தில் நான்கு உயிரெழுத்து இருப்பதால் மற்ற சொற்களோடு எளிதாகக் குறுக்கே போகிறது. அச்சகத்தின் மடிப்புகள் அதைவிடப் பழையவை. முழுத்தாளை ஒருமுறை மடித்தால் ஃபோலியோ, இருமுறை மடித்தால் குவார்ட்டோ, மூன்றுமுறை மடித்தால் ஆக்டேவோ. அப்படி மூன்றுமுறை மடித்த தாளில் எட்டு இலை, பதினாறு பக்கம். தாளின் அளவுகளுக்கான பெயர்களோ பெரும்பாலும் நீர்க்குறியிலிருந்து வந்தவை. ஈரமான தாள் படியும் சல்லடையில் கம்பியை வளைத்து ஓர் உருவம் வைத்தால் அந்த இடத்தில் தாள் மெலிந்து, வெளிச்சத்தில் பிடிக்கும்போது உருவம் தெரியும். இத்தாலியின் ஃபப்ரியானோ ஊரில் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய இந்த வழக்கத்தில் ஒரு தாளுக்குக் கிரீடம், இன்னொன்றுக்குக் கோமாளியின் மணித்தொப்பி. கோமாளித் தொப்பிதான் ஃபுல்ஸ்கேப். "விகடகவியின் தலையில் இருந்தது, குமாஸ்தாவின் மேசைக்கு வந்தது" என்று ஒரு குறிப்பு வந்தால், நீர்க்குறியின் கதை தெரிந்தவருக்கு அது பூடகமே அல்ல.

1922இல் ஜெர்மனி வகுத்த தரம்தான் இன்றைய ஏ4 தாளுக்கு அடிப்படை. நீள அகல விகிதத்தை இரண்டின் வர்க்கமூலமாக வைத்ததால் தாளைப் பாதியாக மடித்தாலும் வடிவம் மாறுவதில்லை. ஏ0 தாள் சரியாக ஒரு சதுர மீட்டர். அதை நான்குமுறை பாதியாக்கினால் 210 மில்லிமீட்டருக்கு 297 மில்லிமீட்டர் கொண்ட ஏ4. அறிவுக்கு இசைந்த ஏற்பாடு, அதில் ஐயமில்லை. ஆனால் எண் கலந்த இந்தப் பெயர் குறுக்கெழுத்துக் கட்டத்துக்குள் ஒழுங்காக உட்காருவதில்லை. அதனால் ஃபுல்ஸ்கேப்பையும் டெம்மி என்ற அளவையும் க்வயரையும் விட்டுவிட்டு உலகின் பெரும்பகுதி ஏ4க்கு மாறிய பிறகும் குறுக்கெழுத்து மாறவில்லை. கடையிலிருந்து போய்விட்ட தாளின் பெயர் புதிரில் இன்னும் புழங்குகிறது.

செய்தித்தாள் என்ற பொருளிலும் 'பேப்பர்' வரும். அங்கே அமைப்பவர்களின் செல்லப்பிள்ளை 'ஃபைனான்சியல் டைம்ஸ்'. 1893 ஜனவரி முதல் இளஞ்சிவப்புத் தாளில் வரும் அந்த நாளிதழின் பெயர்ச்சுருக்கம் இரண்டே எழுத்து, ஆங்கிலத்தில் எண்ணற்ற சொற்களின் வால். அமெரிக்கப் படைவீரனுக்கு ஜி.ஐ. என்று பெயர், அவன் கையில் எஃப்.டி.யைக் கொடுத்தால் கிஃப்ட். "வீரனுக்கு இளஞ்சிவப்புத் தாள் ஒரு பரிசு" என்ற வாக்கியம் கதைபோல ஓடுகிறது, உள்ளே இருப்பதோ வெறும் நான்கெழுத்துக் கணக்கு.

நம் நாட்டில் குறுக்கெழுத்தோடு தாள் வேறொரு வகையில் சம்பந்தப்பட்டது. கூப்பனைக் கத்தரித்து, நிரப்பி, நுழைவுக் கட்டணத்தோடு தபாலில் அனுப்புவது. 1930களில் 'ஆனந்த விகடன்' நடத்திய போட்டிகளுக்கும் அந்த இதழின் விற்பனைக்கும் இருந்த உறவு தமிழ் இதழியல் வரலாற்றில் தெரிந்த செய்தி. ஐம்பதுகளில் இந்தியா முழுவதும் பெரும் பரிசுப் போட்டிகள் பெருகின. அவற்றில் பலவற்றில் குறிப்பின் தன்மையே வேறு. ஒரு வாக்கியத்தில் ஓரிடம் காலி. அதில் பொருந்தக்கூடிய சொற்கள் இரண்டு. "மாணவர்கள் வீணாக்கக் கூடாதது" என்பது குறிப்பு என்று வையுங்கள். தாள் என்று எழுதலாம், நாள் என்று எழுதலாம். இரண்டும் சரி. எது பரிசுக்குரியது என்பது முன்கூட்டி உறையிலிட்டு முத்திரை வைத்த விடையைப் பொறுத்தது. எல்லாச் சேர்க்கைகளையும் எழுதி அனுப்பக் கூப்பன் மேல் கூப்பனாக வாங்கியவர்கள் இருந்தார்கள்.

நாடாளுமன்றம் 1955இல் பரிசுப் போட்டிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு மாதத்தில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் பரிசு தரும் போட்டி கூடாது, அதற்குள் நடத்தவும் உரிமம் வேண்டும். பெங்களூரில் அச்சான 'ஸ்போர்ட்டிங் ஸ்டார்' இதழ்வழி ஆர்.எம்.டி.சி. குறுக்கெழுத்தை நடத்திவந்த சமர்பாக்வாலா வழக்குத் தொடுத்தார். 1957 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெற்றி பெருமளவு திறமையைச் சாராத, சூதின் தன்மை கொண்ட போட்டிகளுக்கே இந்தச் சட்டம் பொருந்தும் என்றது. சட்டக் கல்லூரிகளில் இந்த வழக்கை அரசியலமைப்பு விளக்கத்துக்காகப் படிக்கிறார்கள். எனக்கு அது குறிப்பு எழுதும் கலையைப் பற்றிய தீர்ப்பாகவும் தோன்றுகிறது. தாளா நாளா என்று வாசகரைத் தவிக்கவிடும் குறிப்பில் அவிழ்ப்பதற்கு ஒன்றுமில்லை. சிமினீஸ் கேட்ட இரட்டைச் சான்று இருந்தால் அங்கே அதிர்ஷ்டத்துக்கு வேலையில்லை.

இனித் தமிழ்க் கட்டத்துக்கு வரலாம். ஆங்கிலத்தில் ஒரு கட்டத்தில் 26 எழுத்துகளில் ஒன்று. தமிழில் உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் என்று 247. கிரந்த எழுத்துகள் வேறு. அவிழ்ப்பவருக்கு இது ஒரு வரம், குறுக்கே ஓரெழுத்து விழுந்தால் ஐயம் பெருமளவு தீர்ந்துவிடும். அமைப்பவருக்கோ இரண்டு சொற்கள் சந்திக்க ஓர் இடம் கிடைப்பதே பாடு. அதோடு சொற்களின் முதலிலும் ஈற்றிலும் எந்த எழுத்து வரலாம் என்ற கட்டுப்பாடு. தமிழ்ச்சொல் எதுவும் மெய்யில் தொடங்காது. வல்லின மெய்யில் முடியாது. 'தாள்' என்று எழுதினால் இரண்டாம் கட்டத்தில் 'ள்' உட்காருகிறது. அந்தக் கட்டத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு சொல்லைத் தொடங்க வழியில்லை. இதழ், மடல், நூல், காகிதம், புத்தகம் எல்லாமே மெய்யில் முடிபவை. தாள் சம்பந்தப்பட்ட சொற்களில் இந்தச் சிக்கல் நிறைய.

தமிழ் இதழ்களின் குறுக்கெழுத்தில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்பவற்றோடு வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்ற தலைப்புகளும் இருப்பதை வாசகர்கள் அறிவார்கள். ஆங்கிலத்தில் இல்லாத இந்த வழக்கத்தைச் சிலர் ஒழுங்கின்மை என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'தாள்' வலமிருந்து இடமாக எழுதப்பட்டால் 'ள்' இடது ஓரத்துக்கு வருகிறது. அதே ஓரத்தில் கீழிருந்து மேலாக வரும் இன்னொரு சொல்லின் முடிவும் அதில் பொருந்துகிறது. மொழியின் எழுத்து இலக்கணம் அடைத்த வழியை அமைப்பவர்கள் திசையை மாற்றித் திறந்திருக்கிறார்கள். உயிர்மெய் எழுத்து கொண்ட மொழிக்கு ஏற்ற நல்ல தீர்வு இது.

எண்ணிக்கையில் குறைந்த சந்திப்புகளால் தமிழில் குறிப்பே அதிகச் சுமையைத் தாங்க வேண்டும். அந்தச் சுமையைத் தாங்கத் தாள் சார்ந்த சொற்கள் தயாராக இருக்கின்றன. ஆங்கிலத்தில் அவை எண்ணிக்கையிலிருந்தும் நீர்க்குறியிலிருந்தும் வந்தவை என்று பார்த்தோம். தமிழில் அவை செடியிலிருந்தும் மரத்திலிருந்தும் வந்தவை. தாள் என்பது கதிரைத் தாங்கும் தண்டு. அறுத்தபின் வயலில் நிற்பது அரிதாள். இதழ் பூவினது. மடல் தாழைக்கும் பனைக்கும் உரியது. ஓலை பனையினது. எழுதும் பொருள் பல நூற்றாண்டுகள் இலையாகவே இருந்ததால் காகிதம் வந்தபோது அந்தப் பெயர்களே அதற்கும் ஒட்டிக்கொண்டன. ஆகவே இருபொருள் குறிப்பு தமிழில் வலிந்து செய்ய வேண்டியதல்ல. "பூவில் பல, முகத்தில் இரண்டு, வாரத்துக்கு ஒன்று (3)" என்றால் இதழ். "காதில் உண்டு, தாழையில் உண்டு, தபாலில் வரும் (3)" என்றால் மடல். "கதிரைத் தாங்கும், கவிதையையும் தாங்கும் (2)" என்றால் தாள்.

கடைசிக் குறிப்பு வெறும் சொல்விளையாட்டும் அல்ல. இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில் 1950களில் தொடங்கிய வாழைச்சேனை ஆலை நெல் வைக்கோலிலிருந்து தாள் செய்தது. அங்கே கதிரைத் தாங்கிய தண்டேதான் எழுதும் தாளும் ஆயிற்று. தமிழ்நாட்டில் 1979இல் அரசு நிறுவிய செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையை மூலப்பொருளாக எடுத்துக்கொண்டது; கரூர் மாவட்டத்தில் ஆலை இருக்கும் இடத்துக்கே காகிதபுரம் என்று பெயர். சர்க்கரை ஆலைகள் கொதிகலனில் எரித்துவந்த சக்கையை வாங்கிக்கொண்டு, அதற்கு ஈடாக நீராவிக்கு வேறு ஏற்பாடு செய்துகொடுத்தார்கள். மரமோ வைக்கோலோ சக்கையோ எதுவானாலும் தாளாகும் முன் கூழாக வேண்டும். "ஆடியில் ஊற்றுவார், ஆலையில் தாளாக்குவார் (2)" என்ற குறிப்புக்கு விடை கூழ். தாளில் மை பரவாமல் இருக்க அதன்மேல் மாவுப்பசை ஏற்றுவதும் பழைய வழக்கம். இந்தியக் காகிதக் கைவினைஞர்கள் அப்படிப் பசையிட்டு, கல்லாலும் சங்காலும் தேய்த்து மெருகேற்றினார்கள். ஆகவே "கூழில் பிறந்து கஞ்சியில் விறைக்கும் (4)" என்று காகிதத்துக்கு ஒரு குறிப்பு அமைக்கலாம். அவிழ்ப்பவர் முதலில் சமையலறைக்குப் போவார், பிறகு சலவைக்காரரிடம் போவார், தாள் செய்யும் முறை தெரிந்திருந்தால் ஆலைக்கு வந்துசேருவார்.

தாளை என்ன செய்கிறோம் என்பதற்கான வினைகள் இன்னும் சுவையானவை. தமிழில் ஏவல் வினையும் பெயரும் ஒரே வடிவில் நிற்பதால் ஒரு சொல்லே கட்டளையாகவும் பொருளாகவும் மாறுகிறது. "தாளைச் சிறிதாக்கு, குழந்தைக்கு இடம் (2)": மடி. இங்கே குறுக்கே 'டி' மட்டும் கிடைத்திருந்தால் அடி, படி, கொடி, தடி, நாடி என்று பத்துச் சொற்கள் வரிசையில் நிற்கும். குறிப்பின் இரண்டு பாதியும் சேர்ந்துதான் மடியைத் தேர்ந்தெடுக்கின்றன. "தாளைப் பாழாக்கு, தருமி தேடியது (2)": கிழி. ஆயிரம் பொன் கொண்ட பொற்கிழியை அறியாத தமிழர் குறைவு என்றாலும், கிழி என்றதும் துணி முடிப்பு நினைவுக்கு வருவது இன்று அரிது. "வரைபடத்தை உருளையாக்கு, உறையூர்ச் சரக்கு (4)": சுருட்டு. "பக்கத்தைத் திருப்பு, பொய் (4)": புரட்டு. ஏடு புரட்டுவதற்கும் ஏமாற்றுக்கும் ஒரே சொல். இந்த நான்கில் எதற்கும் நான் எழுத்தைக் கலைக்கவோ நறுக்கவோ வேண்டியிருக்கவில்லை.

எழுத்தைக் கட்டும் குறிப்புகளும் தமிழில் இயலும். காகிதத்தை எடுத்துக்கொள்வோம்: கா, கி, த, ம். நடுவில் உள்ள 'கி'யை எடுத்துவிட்டால் காதம் மிஞ்சுகிறது. பழைய தூர அளவு. "கிழிசலின் தலை பழைய தூரத்துக்குள் நுழைந்தால் எழுதலாம் (4)" என்றால் காதத்துக்குள் கிழிசலின் முதலெழுத்து, விடை காகிதம். இறுதிச் சொல் பொருளைத் தருகிறது. சிமினீஸ் கேட்ட இரண்டு பகுதியும் இதில் உண்டு.

ஆனால் புணர்ச்சி ஒரு கேள்வியைக் கிளப்புகிறது. ஆங்கில க்ரீமுக்குள் ரீம் எழுத்துக்கெழுத்து அப்படியே இருக்கிறது. தமிழில் அதற்கு நேரானது பாலேடு. பாலும் ஏடும் சேர்ந்தது. வியப்பான ஒற்றுமைதான், இரண்டு மொழியிலும் பாலாடைக்குள் தாள். ஆயினும் கட்டத்தில் எழுதினால் பா, லே, டு என்று மூன்றே எழுத்து. ஏகாரம் லகரத்தோடு கலந்துவிட்டது. 'ஏ' என்ற எழுத்தை அங்கே காணமுடியாது. நாளேடு, நாளிதழ் ஆகியவையும் அப்படியே. அமைப்பவர் எழுத்தைக் கணக்கில் எடுப்பதா, ஒலியை எடுப்பதா? எழுத்தென்றால் தமிழின் வளமான கூட்டுச்சொற்களில் பெரும்பகுதி கைநழுவும். புணர்ச்சி விதியை அவிழ்ப்பவரும் அமைப்பவரும் ஒப்புக்கொண்ட விதியாக வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. அப்போது "நாளுக்குப் பின் பாலில் மிதப்பது: செய்திக்கு (3)" என்ற குறிப்புக்கு நாளேடு என்று எழுதுவது முறையாகும். பள்ளியில் மனப்பாடம் செய்த விதிகளுக்கும் ஓர் இனிய உபயோகம் கிடைக்கும்.

வழக்கில் தீராத புணர்ச்சிகள் வேறு விஷயம். தாளின் பன்மை தாள்களா, தாட்களா? அச்சில் இரண்டும் நடமாடுகின்றன. இரண்டுக்கும் கட்டம் நான்கு. வேறுபடுவது இரண்டாம் கட்டம் ஒன்றுதான். அந்தக் கட்டத்தில் குறுக்கே ஒரு சொல்லை ஓடவிட்டால் எது வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஓடவிடாமல் தனித்து விட்டால் ஐம்பதுகளின் கூப்பன் போட்டிக்கே திரும்பிப் போனதாகும்.

கடைசியாக, கடையிலும் அச்சகத்திலும் புழங்கும் சொற்கள். இந்தியாவில் நீளமான கணக்கு நோட்டை இன்றும் குயர், அதாவது க்வயர், கணக்கில்தான் கேட்டு வாங்குகிறார்கள்; 24 தாளை ஒருமுறை மடித்துத் தைத்தால் 48 இலை, 96 பக்கம். தமிழ்ப் பதிப்பாளர் புத்தகத்தின் அளவைக் குறிக்க டெம்மி 1/8, கிரௌன் 1/8 என்று எழுதுவார். பதினேழரைக்கு இருபத்திரண்டரை அங்குலம் கொண்ட டெம்மித் தாளை மூன்றுமுறை மடித்தால் வருவது முன்னது, பதினைந்துக்கு இருபது அங்குலம் கொண்ட கிரௌனை அப்படி மடித்தால் வருவது பின்னது. பதினாறு பக்கத்தை ஒரு ஃபாரம் என்று எண்ணுகிறார்கள். ஆங்கிலேயரின் நாட்டில் பெரும்பாலும் குறுக்கெழுத்தில் எஞ்சியிருக்கும் தொழில்சொற்கள் இங்கே வேலை செய்துகொண்டிருக்கின்றன. ஆனால் தமிழ்க் குறுக்கெழுத்தில் அவற்றைக் காண்பது அரிது. கடதாசி என்றால் இலங்கையில் தாள். கடுதாசி என்றால் தமிழ்நாட்டில் கடிதம். இரண்டாம் கட்டம் மட்டும் மாறும் இந்த இணையைக்கூட யாராவது எடுத்து ஆளலாம்.

எடுக்காததற்கு ஒரு நியாயமான காரணம், கடன்சொற்களை எழுதும் முறை நிலையாக இல்லை. குயரா, கொயரா? கிரௌனா, கிரவுனா? பொருளை மட்டும் சொல்லும் குறிப்பில் இதற்குத் தீர்வில்லை, அவிழ்ப்பவர் விடையைக் கண்டுபிடித்தும் கட்டத்தில் தவறுவார். எழுத்தைக் கட்டிக் காட்டும் குறிப்பு அந்தத் தடையை நீக்கிவிடுகிறது. "குரங்கின் தலை ஏறினால் உயரின் தலை போய் 24 தாள் (3)" என்றால், உயர் என்பதன் உகரம் போய்க் குரங்கின் 'கு' வருகிறது. கொயர் என்று எழுத இடமே இல்லை. "கரீமின் முதலெழுத்தை எடுத்தால் ஐந்நூறு தாள் (2)" என்றால் ரீம். ரிம் என்றோ ரீமு என்றோ யாரும் எழுதமாட்டார்கள். அச்சுக்கூடத்துச் சொற்களைத் தமிழ்க் கட்டங்களுக்குள் கொண்டுவர விரும்பும் அமைப்பவர்கள் இந்த வகைக் குறிப்பிலிருந்து தொடங்கலாம். டெம்மிக்கும் ஃபாரத்துக்கும் குறிப்பு எழுதுவது இன்னும் மிச்சமிருக்கிறது.